நாளைக்குத் திருப்பித் தரும் படம்

ஆயர் ஈத்தாம் மார்க்கெட் வாசலில் சற்குணம் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மணி மூன்றிருக்கும். எண்பத்து மூன்றாம் வருஷம், மழை மாதம். மலையை மேகம் மூடியிருந்தது. சட்டைப் பையில் ஒரு பழுப்பு உறை, அதற்குள் தவமணியின் படம். மத்தியானம் தன் கையாலேயே உள்ளே வைத்து ஒட்டியதுதான். இருந்தாலும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சந்துக்குள் நடந்தான்.

தமிழ்ப் பத்திரிகைக்குப் பினாங்கு நிருபர் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்கிற வேலையோ வேறு. லாரி மோதினாலும் சரி, கடலில் மூழ்கினாலும் சரி, செத்த வீட்டுக்கு ஓட வேண்டும். ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைக் கேட்டு வாங்கி, ராத்திரி பஸ்ஸில் கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும். "நாளைக்குக் கொண்டாந்து குடுத்துர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு வருவான். கோலாலம்பூரிலிருந்து படமும் ஒழுங்காகத் திரும்பி வரும். அதற்குள் இன்னொரு சாவு விழுந்திருக்கும். படம் மேசை டிராயருக்குள் போய்விடும். ஒன்பது வருஷத்தில் டிராயரை அமுக்கித்தான் மூட வேண்டியிருந்தது.

அந்த மேசையில் அவனுக்கு முன்னால் இருந்தவர் விநாசித்தம்பி. யாழ்ப்பாணத்துக்காரர். தீராத தலைவலி, நெற்றிப்பொட்டில் எந்நேரமும் கோடாலித் தைலம். "அழுகை அடங்க முந்திப் போய்ச் சேந்திடோணும் தம்பி. பிறகு ஒருத்தரும் தரமாட்டினம்" என்று தொழிலைக் கற்றுக் கொடுத்தவர், ஒரு மத்தியானம் அதே மேசையில் கவிழ்ந்து செத்துப்போனார். அவர் திருப்பிக் கொடுக்காத படங்களும் அதே டிராயரில்தான் கிடந்தன.

சற்குணத்துக்குத் தூக்கம் போய் ஆறு மாதம். போன வாரம் ஒரு தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதபோது, "இதவிட க்ளியரா வேற படம் இல்லையா?" என்று கேட்டுவிட்டான். சே, நானா அப்படிக் கேட்டேன்!

அன்றிலிருந்து டிராயருக்குள் சத்தம். நகத்தால் சுரண்டுகிற சத்தம். இழுத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் மேலே தவமணியின் படம் இருக்கும். அடியில் தள்ளி மூடுவான். மறுநாள் மறுபடியும் அதுதான் மேலே.

ஆற்றில் மூழ்கிச் செத்த பிள்ளை. தாய் தனலெட்சுமியிடம் இருந்த ஒரே படம். இரண்டு வருஷமாக ஆபீசுக்கு ஃபோன் போட்டுக் கெஞ்சியவள், போன மாதத்தோடு அதையும் விட்டுவிட்டாள். இந்த ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டால் போதும், இன்றைக்குக் கண்ணை மூடலாம் என்று சற்குணம் நம்பினான்.

பலகை வீட்டின் கதவு திறந்தே இருந்தது.

"அக்கா, பேப்பர் ஆபீஸ் சற்குணம். ரொம்ப லேட்டாயிருச்சு, மன்னிச்சுருங்க. படத்தைக் கொண்டாந்துட்டேன்."

தனலெட்சுமிக்குக் கோபமே இல்லை. முகம் மலர்ந்திருந்தது. "காலையிலயே அந்தப் பெரியவரு கொண்டாந்து குடுத்துட்டாரே தம்பி!"

சுவரில் தவமணி சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தைச் சுற்றிப் புதுப் பூச்சரம்.

சற்குணம் உறையைப் பிரித்தான்.

காலி.

தைல வாசனை மட்டும் குப்பென்று வந்தது.

"எந்தப் பெரியவருக்கா?"

"உங்க ஆபீஸ்தான்னாரு. சிலோன் பேச்சு. தேத்தண்ணி குடுத்தேன், தொடவே இல்ல. நெத்தியத் தேச்சுக்கிட்டே இருந்தாரு, பாவம். இனிமே ஒரு படம்தான் வாங்க வேண்டியிருக்காம். போறப்ப சூலியா ஸ்ட்ரீட்டுக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டாரு."

சூலியா ஸ்ட்ரீட் மாடியில்தான் சற்குணத்தின் வீடு. அவன் மனைவி புஷ்பராணி தனியாக இருப்பாள்.

செருப்பை மாட்டக்கூடத் தோன்றாமல் ஓடினான். டாக்சி கிடைத்தது. வழியெல்லாம் மழை அடித்து ஊற்றியது. ஐயோ, சீக்கிரம் போய்யா, சீக்கிரம் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

படியேறும்போதே அந்த வாசனை.

"புஷ்பா! யாராச்சும் வந்தாங்களா?"

"ஏங்க இப்படி மூச்சு வாங்குது? இப்பத்தான் ஒருத்தரு போனாரு. உங்க ஆபீஸ்ல முன்னாடி இருந்தவராம். உங்க படம் ஒண்ணு வேணும்னாரு. ஏதாச்சும் பரிசு குடுக்கப் போறாங்களோன்னு நல்ல படமா எடுத்துக் குடுத்தேன்லா."

மேசையில் ஆல்பம் விரித்துக் கிடந்தது. கறுப்புத் தாளில், படத்தைப் பிடிக்க ஒட்டிய நான்கு மூலைகள் மட்டும் இருந்தன.

"என்ன சொன்னாரு?"

"'நாளைக்குக் கொண்டு வந்து தாறன் பிள்ளை'ன்னாரு. ஆனா..." அவள் குரல் தாழ்ந்தது. "உள்ள வந்ததும் என் மூஞ்சியவே பாத்தாருங்க. 'இன்னும் அழத் தொடங்கேல்லையோ'ன்னு கேட்டாரு."

ஃபோன் அடித்தது.

சற்குணம் எடுத்தான். கோலாலம்பூர். புதிதாகச் சேர்ந்த துணையாசிரியர். இவனை நேரில் பார்த்ததில்லை.

"அண்ணே, நீங்க அனுப்பின படம் மேசைக்கு வந்துருச்சு. நல்ல க்ளியரா இருக்கு. பாவம், சின்ன வயசுபோல. யாரு, எப்படிச் செத்தாருன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ராத்திரி பஸ்ஸில் ஏற்றினாலும் விடிந்துதான் போய்ச் சேர வேண்டிய படம் அது.

சற்குணத்தின் கை தானாக நெற்றிப்பொட்டைத் தேய்த்தது. விரலில் தைலம் பிசுபிசுத்தது.

"அண்ணே? இருக்கீங்களா?"

பின்னால் ஒரு விசும்பல் கேட்டுத் திரும்பினான்.

எதற்கென்றே தெரியாமல், புஷ்பராணி அழத் தொடங்கியிருந்தாள்.