அறுந்த உணர்நாண்

தை முதல் நாள் காலையில் தெருமுனை அளவுத்தூண் பச்சையாக எரிந்ததும் கல்மண்டபத் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. வேட்டுப் போட்டார்கள். ஆளை ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எண்ணெய்ச் சட்டியைக் கண்ணால் பார்த்தே மூன்று வருஷம் ஆகியிருந்த தெரு அது. அந்தக் கும்பலுக்கு நடுவில் நின்று எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் பரோட்டா மாஸ்டர் அருஞ்சுனைதான். பாவம் மனுஷன், சிரித்திருக்க வேண்டாம்.

அந்தத் தூண் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊரில் யார் யார் ஊதிப்போகிறார்கள் என்று எடை போட்டுப் பார்த்த காலம் மலையேறிவிட்டது. எடைக்கு ஆள் தரம் தெரியாது. மூட்டை தூக்குகிறவனின் கட்டுடம்பையும் உட்கார்ந்தே தின்கிறவனின் தொப்பையையும் ஒன்றாகவே காட்டும். இடுப்பிடம் அந்தக் கதை நடக்காது. ஒருவரின் உயரம் எவ்வளவோ, அதில் பாதிக்குள் இடுப்புச் சுற்றளவு நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் இத்தனை கோடி இடுப்பை யார் போய் அளப்பது? நலவாரியத்தில் யாரோ ஒரு புண்ணியவானுக்கு அரைஞாண் கயிறு ஞாபகம் வந்தது. அப்படிப் பிறந்ததுதான் உணர்நாண். பார்வைக்குக் கறுப்புக் கயிறு. உள்ளே ஓடுகிற மெல்லிய கம்பி ராப்பகலாக இடுப்பை அளந்து தூணுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆண், பெண், குழந்தை எல்லார் இடுப்பிலும் உண்டு. அது இருந்தால்தான் பேருந்துக் கதவு திறக்கும், ஆஸ்பத்திரி வாசல் திறக்கும், கடை அடுப்பு பற்றும்.

தனி ஆளுக்குத் தண்டனை கிடையாது. தை முதல் நாள்தான் அளவு நாள்; அன்றைக்குத் தெருவுக்குச் சராசரி எடுப்பார்கள். அது அளவுக்கு மேலே போனால் தூண் சிவப்பாகும்; தெரு முழுவதற்கும் சமையல் எண்ணெய் நிறுத்தம், பலகாரக்கடை மூடல். கீழே வந்தால் பச்சை, எல்லாம் திரும்பக் கிடைக்கும். ஒருவரையொருவர் தூக்கிவிடுவார்கள் என்று வாரியம் நம்பியது.

மரபையும் மதித்தது வாரியம். அதில்தான் வந்தது வினை. புது அரைஞாணைக் கட்டிய பிறகே பழையதை அறுக்க வேண்டும், வெறும் இடுப்பு பிணத்துக்குத்தான் என்பது காலங்காலமான வழக்கம் அல்லவா? உணர்நாணிலும் அதையே வைத்துவிட்டார்கள். இன்னொரு நாண் இடுப்பில் இல்லாத நேரத்தில் நாண் அறுந்தால், வாரியக் கணக்கில் ஆள் காலி. அதற்குப் பிறகு அந்த இடுப்பில் எத்தனை நாண் சுற்றினாலும் அது வெறும் கயிறுதான்.

அருஞ்சுனை தெருவிலேயே பெரிய உடம்புக்காரர். தூண் சிவந்து அவருடைய பரோட்டாக் கடை மூடப்பட்டபோது ஒருவரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அண்ணாச்சி, நடங்க, நாங்களும் வாறோம்" என்று கூடவே நடந்தார்கள். மனைவி தங்கபுஷ்பத்தின் தம்பி குணசீலன் தினமும் விடிந்ததும் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவான். "கல்லு மறுபடி சூடாகணும்ல அத்தான், இன்னும் ஒரு சுத்து" என்பான். கல் என்றால் பரோட்டாக் கல். அதை நினைத்துத்தான் அவர் முழங்கால் வலியோடு நடந்தார், மதியச் சோற்றைப் பாதியாக்கினார். வேட்டி மடிப்பு ஒரு சாண் கூடியது. நம்மாலும் ஆயிற்றே என்று தூணுக்குக் கீழே நின்று கண் கலங்கியதும் அதனால்தான்.

மறுநாள் முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பேருந்துக் கதவு திறக்கவில்லை. நடந்தே போனார், ஆஸ்பத்திரி வாசலும் திறக்கவில்லை. பக்கத்து நலவாரிய அலுவலகத்தில் ஒரு பெண் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தாள்.

"அய்யா, நீங்க போன சனிக்கிழமையே தவறிட்டீங்க."

"ஏம்மா, முழுசா உன் முன்னால நிக்கேன்."

"நிக்கிறீங்க, தெரியுது. ஆனா திருப்பிச் சேர்க்க வழி இல்ல அய்யா. முன்னால அளவு நாளுக்கு மட்டும் செத்துட்டு, மறுநாள் உயிரோட வந்து நிக்க ஆரம்பிச்சாங்க. அதான் வாரியம் அந்தக் கதவையே மூடிருச்சு. மன்னிச்சுக்கோங்க."

சனிக்கிழமை. அருஞ்சுனை அலுவலகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அளவு நாளுக்கு முந்தின சனிக்கிழமைதான் ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்து நாண் மாற்றும் நாள். குணசீலன்தான் அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டான். சீயக்காயை அள்ளித் தலையில் போட்டான். "கண்ணை இறுக்கி மூடிக்கோங்க அத்தான், நாணை நான் மாத்திவிடுதேன்" என்றான். கண் எரிச்சலோடு நின்றிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் இடுப்பில் எதுவுமே இல்லாமல் காற்றுப் பட்டது இப்போது ஞாபகம் வந்தது. புதுசைக் கட்டும் முன்பே பழையதை அறுத்திருக்கிறான். அருகில் தட்டில் கத்தரிக்கோலும் புது நாணும் ஏந்தி நின்றவள் தங்கபுஷ்பம். அவள் கண்ணில் சீயக்காய் இல்லையே!

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நடந்தும் தெரு அளவு இறங்கலங்க. உங்க ஒருத்தரை எடுத்தா பச்சைன்னு பொன்ராஜ் அண்ணாச்சி கணக்குப் போட்டுச் சொன்னாரு. ரெண்டு நாள்ல திருப்பி எழுதிக்கலாம்னு தம்பி சொன்னான். கடை திறந்தா உங்களுக்குத்தான சந்தோஷம்னு..."

"எனக்கா?" என்றார். பொன்ராஜ் அண்ணாச்சி தெருச் சங்கத் தலைவர். ஆக, சங்கமே உட்கார்ந்து பேசி முடித்த காரியம். கையைப் பிடித்து நடந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தேளும் பாம்புமாக இருந்தால்கூடத் தள்ளிப் போயிருக்கலாம், இவர்கள் சொந்தக்காரர்கள்.

கடை திறந்தது. செத்தவர் பெயரில் கடை நடத்த முடியாதாம். அதனால் குணசீலன் பெயருக்கு மாறியது. செத்தவர் கைக்கு அடுப்பும் பற்றாதாம். அதனால் குணசீலன் கல்லுக்கு முன்னால் நின்றான். அருஞ்சுனை தன் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து மாவு பிசைந்தார். வேறு எங்கே போவார்? பேருந்துகூட ஏற்றாது. எண்ணெயில் பொரித்த பரோட்டாவைத் தின்றபடி தெருக்காரர்கள் பின்கட்டை எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, உங்க கை மாவே தனிதான்" என்றார்கள். அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மூன்று வருஷப் பசி. தெரு தின்றது, அப்படித் தின்றது. தினமும் கல்லுக்கு முன்னால் நின்று முதல் பரோட்டாவை ருசி பார்த்தவனுக்குத்தான் இடுப்பு முதலில் பெருத்தது. மார்கழி வந்தபோது தூண் மஞ்சளில் மினுக்கியது. தை பிறந்தால் சிவப்பு. பொன்ராஜ் அண்ணாச்சி மறுபடியும் கணக்குப் போட்டார். எல்லாரும் குணசீலனிடம் திடீரென்று அன்பாகப் பேச ஆரம்பித்தார்கள். "தம்பி, சனிக்கிழமை நம்ம வீட்டுக்கு வா, எண்ணெய் தேய்ச்சு விடுதேன்" என்று நாலு பேர் கூப்பிட்டார்கள். இந்த அன்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? வேர்த்து விறுவிறுத்துப்போனான்.

தானே மாற்றிக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. நாண் முடிச்சு முதுகுப் பக்கம், இன்னொருவர் கை வேண்டும். மாற்றாமலே விட்டாலோ, தையோடு பழைய நாண் தானே அவிந்துவிடும்.

சனிக்கிழமை காலையில் அவன் அருஞ்சுனை வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றான்.

"அத்தான், நீங்கதான் கட்டிவிடணும்."

"நானா? உனக்கு வெக்கமா இல்லையா மாப்ள?"

"இருக்கு அத்தான். ஆனா இந்தத் தெருவுல யார்கிட்ட போனாலும் நான் போயிட்டா அவங்களுக்கு லாபம். என் பொண்டாட்டிக்கும் சேர்த்துத்தான் சொல்லுதேன். தூண் பச்சையா இருந்தாலும் சிவப்பா இருந்தாலும் உங்க ஒருத்தருக்குத்தான் ஒண்ணும் இல்ல. நீங்கதான் கணக்குலயே இல்லையே."

அருஞ்சுனைக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. தெருவிலேயே நம்பத் தகுந்த ஆள் தான் ஒருவன்தான். அதுவும் இவர்கள் கொன்றதால் நம்பத் தகுந்தவன்!

கிணற்றடியில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தார். சீயக்காயை அள்ளித் தலையில் போட்டார். "கண்ணை இறுக்கி மூடிக்கோ" என்றார். தங்கபுஷ்பம் போன வருஷம் மாதிரியே தட்டோடு வந்து நின்றாள். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் தெருவே வந்து நின்றது. பொன்ராஜ் அண்ணாச்சி எட்டிப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"அருஞ்சுனை, உனக்கு நாங்க சொல்ல வேண்டியதில்ல. உன் கடைதான், யோசிச்சுக்கோ."

அருஞ்சுனை தட்டிலிருந்து முதலில் கத்தரிக்கோலை எடுத்தார்.

"என்னங்க, வேண்டாங்க, என் தம்பிங்க!" என்று தங்கபுஷ்பம் பதறினாள்.

"அன்னைக்கு உன் வாய் எங்க போச்சு?" என்றார்.

அவர் கத்தரிக்கோலைப் பார்த்தார், மச்சினனின் கொழுத்த முதுகைப் பார்த்தார், சுவருக்கு மேலே வரிசையாகத் தெரிந்த தலைகளைப் பார்த்தார். ஒரே வெட்டு. எத்தனை நாள் மாவு பிசைந்துகொண்டே அதை நினைத்துப் பார்த்திருப்பார்! ஆனால் அந்தத் தலைகள் எல்லாம் எதற்காக ஏங்கி நிற்கின்றன என்பதைப் பார்த்ததும் மனசு வேறு கணக்குப் போட்டது. கத்தரிக்கோலைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் புது நாணை எடுத்தார். அவன் இடுப்பைச் சுற்றி அதைக் கட்டி இரண்டு முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகுதான் பழையதை அறுத்தார்.

"கண்ணைத் திற மாப்ள. உசுரோடதான் இருக்க. போய் நல்லாச் சாப்பிடு."

சுவருக்கு மேலே இருந்த தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

தை முதல் நாள் தூண் சிவந்தது. கல் ஆறிப்போனது. சீவிச் சிங்காரித்து வேட்டுக்கட்டோடு வந்திருந்த கல்மண்டபத் தெரு, ஒருவன் சாகவில்லையே என்று வாய்விட்டு அழுதது. பக்கத்துத் தெருக்காரர்கள் என்ன ஏது என்று துக்கம் விசாரிக்க வந்துவிட்டுப் போனார்கள். பிறகு குணசீலனோடு பேச ஆள் இல்லை. அவன் தெருவில் நடந்தால் எல்லார் கண்ணும் அவன் முகத்தை விட்டுவிட்டு இடுப்பில் வந்து நின்றது. ராத்திரி தூங்கும்போதும் இரண்டு கையாலும் நாணைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறானாம்.

ஒரு நாள் விடிந்ததும் அவன் அருஞ்சுனை வீட்டுக் கதவைத் தட்டினான். நடக்கப் போகலாம் என்று கூப்பிடத்தான் வந்தான். கேட்டதோ வேறொன்று.

"அத்தான், அடுத்த வருஷமும் நீங்கதானே கட்டிவிடுவீங்க?"

அருஞ்சுனை அவனை நன்றாகப் பார்த்தார்.

"பாக்கலாம் மாப்ள" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.