கரண்ட் போனதே தெரியாத வீடு

காலை 11.20. தெருவின் கடைசிக் கம்பத்தில் லைன்மேன் தன் இடுப்புவாரிலேயே தொங்கிக்கொண்டிருந்தார். உயிர் போய்விட்டிருந்தது. வாரின் இடப்பக்கம் செருகியிருந்த கட்டிங் பிளேயரை அவர் உருவக்கூட இல்லை.

மாலை 3.10. மின் ஆய்வாளர் முழங்கால் வலியோடு வந்து சேர்ந்தபோது, போலீஸ் ஏறக்குறைய வழக்கை முடித்தேவிட்டது. தெருமுனை மின்பெட்டியின் கைப்பிடியை இறக்கிக் கரண்ட்டை நிறுத்தியவன் இறந்தவரின் மைத்துனன், கூட வேலை பார்ப்பவன். அவன்தான் அவசரப்பட்டு மறுபடி ஏற்றிவிட்டான் என்றார்கள். அவனுடைய அக்கா காலையில் வந்து, "என் வீட்டுக்காரரை நீயே முடிச்சிட்டியேடா" என்று ஒரே வரி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்து அவன் தலை நிமிரவில்லை.

இப்படி எத்தனை கம்பங்களைப் பார்த்தாயிற்று என்று ஆய்வாளருக்கு அலுப்பாக இருந்தது. கம்பத்தடியில் இறந்தவரின் வார் கிடந்தது, பிளேயர் இன்னும் இடப்பக்கத்திலேயே. அண்ணாந்து பார்த்தார். மூன்று கம்பிகள். கருகியிருந்தது மூன்றாவது. அது கடைசி வீட்டுக்கு மட்டும் போகிறது. ஆனால் பெட்டியில் ஒரே கைப்பிடிதான். இறக்கினால் மூன்றும் சேர்ந்து அணையும், ஏற்றினால் மூன்றும் சேர்ந்து வரும்.

3.25. நடுவீட்டுத் தையல்காரர் அலுத்துக்கொண்டார். பத்தே முக்காலுக்கு நின்ற மெஷின் இரண்டு மணி வரை ஒரு தையல்கூடப் போடவில்லையாம். கூரையில் இருக்கும் சோலாரும் கரண்ட்டோடு சேர்ந்து படுத்துவிடுகிறதாம். அது படுக்கத்தான் வேண்டும் என்றார் ஆய்வாளர். தையல்காரர் வீட்டு மைக்ரோவேவ் கடிகாரம், கரண்ட் போய் வந்ததில், தப்பான நேரத்தோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

3.40. கடைசி வீடு. கதவைத் திறந்த அம்மாளின் கணவர் உள்ளறையில் மூச்சு எந்திரத்தோடு படுத்திருந்தார். கூரையில் சோலார், மூலையில் பேட்டரி. மெயின் சுவிட்ச் இறங்கியிருந்தது.

"எப்ப இறக்குனீங்கம்மா?"

"பத்தே முக்காலுக்கு. ஃபேன் நின்னுச்சு, உடனே இறக்கிட்டேன்."

ஆய்வாளர் சமையலறையை எட்டிப் பார்த்தார். அங்கேயும் ஒரு மைக்ரோவேவ். கடிகாரம் 3.42 காட்டியது, மினுக்காமல்.

"ஃபேன் நின்னிருந்தா இதுவும் நின்னிருக்கணுமே."

ஆய்வாளர், மின்சாரத்தை மாற்றிவிடும் சேஞ்சோவர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். தெரு மின்சாரம் ஒரு பக்கம், சோலார் மறுபக்கம், நடுவில் ஒரு நொடி இரண்டும் இல்லாத இடைவெளி. இரண்டும் எப்போதும் தொடக்கூடாது. தொட்டால் வீட்டு மின்சாரம் தெருக்கம்பிக்கு ஏறிவிடும். அந்த இடைவெளியின் குறுக்கே ஒரு துண்டு ஒயர். அதன்மேல் டேப், வழக்கத்துக்கு மாறாக இடப்புறமாகச் சுற்றியிருந்தது.

"இடதுகைக்காரர் வேலை," என்றார் மெதுவாக. "பிளேயரை இடப்பக்கம் செருகுறவர்."

அந்த அம்மாள் உள்ளறையைக் காட்டினார். "அந்த ஒரு நொடி நின்னாலே இவருக்குத் திணறும் சார். பாவம்னுதான் செஞ்சு குடுத்தார். கரண்ட் போனா முதல்ல மெயினை இறக்கிடுங்கன்னு நூறு தடவை சொன்னார். இன்னிக்குக் கரண்ட் போனதே எனக்குத் தெரியலையே! சத்தம் கேட்டு ஓடிப் பார்த்துட்டு வந்துதான் இறக்கினேன்."

போனது தெரிந்தால்தானே இறக்க முடியும்? தெரியாமல் இருக்கத்தானே அவர் அந்த ஒயரையே போட்டார். ஆய்வாளருக்கு அந்தச் செத்த மனிதர்மேல் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

4.30. தெருமுனைப் பெஞ்சில் மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கைப்பிடி ஏறியிருந்தால் தையல் மெஷின் ஓடியிருக்கும்; கொன்றது அவன் இல்லை. லைன்மேனே போட்ட ஒயர். அவன் முகத்தில் நிம்மதி வரவில்லை.

"என் பேரே இருக்கட்டும் சார். மாமா பேரு கெட வேண்டாம். அக்கா தாங்க மாட்டா."

"இருக்கலாம். ஆனா உன் மாமா இந்த ஒரு வீட்டுல மட்டும்தான் போட்டாரான்னு யாருக்குத் தெரியும்? நாளைக்குக் கம்பத்துல வேற ஒருத்தன் ஏறுவான்."

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"இன்னும் நாலு வீடு இருக்கு சார்," என்றான். "அங்கெல்லாம் ஏணி பிடிச்சவன் நான்தான்."