வைத்தியர் வீட்டுக் கஞ்சி

வைத்தியர் எவருடைய வாசலிலும் உதவி கேட்டு நின்றவர் அல்லர். அதனால்தான் அன்று காலை அவர் கைத்தடியால் கேட்டைத் தட்டியபோது, போட்டோ ஸ்டூடியோக்காரர் பாதி குடித்த காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

அது ஸ்டூடியோக்காரருடைய அக்காள் வீடு. அக்காள் கணவர் உணவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கலப்பட எண்ணெயையும் செங்கல்தூள் சேர்த்த மிளகாய்ப் பொடியையும் பிடித்துப் பழகிய மூக்கு, ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. தெருவில் எது காணாமல் போனாலும் ஆட்கள் அவரிடம்தான் வருவார்கள். எதற்கும் பதறாதவர் என்பதால் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். எப்போதும் அவர் கூடவே அலையும் மைத்துனர் ஸ்டூடியோக்காரருக்கு ‘அவசரம்’ என்று பெயர். இரண்டு பெயரையும் வைத்தது ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

வைத்தியர் உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் படவில்லை. இடது கால் கட்டைவிரலில் பழுப்பேறிய ஒரு கட்டு.

“குடிக்கத் தண்ணி வேணும்” என்றார். ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு செம்பும் கேட்டார். கோபத்தில் வாய் வறண்டிருக்கிறது என்று ஸ்டூடியோக்காரர் நினைத்துக்கொண்டார்.

“பக்கத்து வீட்டு டீச்சரோட நாய்க்குட்டி, பஞ்சுன்னு பேரு. அதுக்கு வயித்துப்போக்கு. நான்தான் வைத்தியம் சொன்னேன். கஞ்சித் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை. கூட வேகவச்ச பூசணி. எங்க தாத்தா காலத்துல இருந்து ஆடு மாடுன்னு எல்லாத்துக்கும் கொடுத்துவர்ற பக்குவம். மிருக டாக்டரும் தாராளமா கொடுங்கன்னு சொன்னாங்களாம். குட்டியும் தேறி வந்துது. நேத்து மத்தியானம் திடீர்னு வாந்தி எடுத்து, கால் பின்னி விழுந்து, வலிப்பு வந்துடுச்சு. இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கு.”

“ஐயோ பாவம்” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“பாவம் அப்புறம். டீச்சர் தெரு முழுக்க என்ன சொல்றா தெரியுமா? ‘வைத்தியர் வீட்டு மருந்து விஷம்’னு. எங்க பரம்பரையில நோய்னு படுத்தவங்க கிடையாது. எங்க கைமருந்து சாப்பிட்டுக் கெட்டவங்களும் கிடையாது. இது செஞ்சது யார்னு எனக்குத் தெரியும். என் வீட்டு மாடியில குடியிருக்கிறானே, அவன்தான். அச்சாபீஸ்ல ராத்திரி வேலை, பகல்ல தூக்கம். ‘இந்தக் குட்டி இனிமே கத்தினா நடக்கிறதே வேற’ன்னு போன வாரம்தான் கத்தினான். நீங்க நிரூபிச்சுக் கொடுக்கணும்.”

நிதானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “டாக்டர் என்ன சொல்றாங்க?”

வைத்தியரின் குரல் முதல்முறையாகச் சற்று இறங்கியது. “ரத்தத்துல சர்க்கரை சுத்தமா இறங்கிப்போச்சாம். குளுக்கோஸ் ஏத்துறாங்க. என்ன தின்னுச்சுன்னு தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு என்ன பண்றதுன்னு முடிவெடுக்க முடியுமாம். தெரியலேன்னா குட்டி பிழைக்கிறது கஷ்டமாம்.”

“சர்க்கரை போட்ட கஞ்சி குடிச்ச குட்டிக்கு, சர்க்கரை இறங்கிடுச்சு” என்று நிதானம் மெதுவாகச் சொன்னார். பிறகு செருப்பைத் தேடினார்.

வைத்தியர் வீட்டுப் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், பகலில் பஞ்சு படுக்கும் சாக்கு விரிப்பு அப்படியே கிடந்தது. பக்கத்தில் கழுவாத கிண்ணம். சுற்றிலும் காய்ந்த ரொட்டித் துண்டுகள்.

“அத்தான்! மாட்டிக்கிட்டான்!” என்று ஸ்டூடியோக்காரர் ஒரு துண்டைக் கையில் எடுத்தார். “மாடியில இருந்து போட்ட ரொட்டி. விஷம் தடவின ரொட்டி!”

“மாப்ள, அதை மோந்து பார்க்காதே, கீழே போடு. எத்தனை துண்டுல கடிச்ச தடம் இருக்குன்னு பாரு.”

ஸ்டூடியோக்காரர் குனிந்து பார்த்தார். எதிலும் இல்லை. சில துண்டுகளைக் காக்கை கொத்தியிருந்தது. அந்தக் காக்கை மதில்மேல் உட்கார்ந்து இவர்களையே முறைத்துக்கொண்டிருந்தது.

“குட்டி தொடல. தின்ன காக்கா திடமா இருக்கு” என்றார் நிதானம்.

மாடி வீட்டுக்காரர் கலைந்த தலையோடு படியில் நின்று எட்டிப் பார்த்தார். “நான்தான் போட்டேன். வாயில ஏதாவது இருந்தா கத்தாதுன்னு போட்டேன். அதுக்குப் போய் என்னைக் கொலைகாரனாக்குறீங்களா? குட்டியக் கொல்ற அளவுக்கு எனக்குத் தெம்பு ஏதுங்க? தூங்கியே பத்து நாளாச்சு!”

நிதானம் டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் அழுது வீங்கிய முகத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“தினமும் கஞ்சி வச்சது யாரும்மா?”

“நான்தாங்க. பெரியவர் சொன்ன பக்குவத்துல எங்க வீட்டுல வச்சு, கிண்ணத்துல கொண்டுபோய்க் கொடுத்து, குட்டியையும் அவர்கிட்ட விட்டுட்டுப் பள்ளிக்கூடம் போவேன். நேத்து பரீட்சை, சீக்கிரம் போகணும். அதனால அவர் வீட்டுலயே வச்சுக் கொடுத்தார். ‘குட்டி இளைச்சிருக்கு, சர்க்கரைய நானே ஒரு கரண்டி கூடப் போடுறேன்’னார். நேத்து ஒரு நாள், அந்த ஒரு நாள்தான்…”

“உங்க வீட்டுச் சர்க்கரை கொஞ்சம் கொடுங்க” என்றார் நிதானம்.

டீச்சர் அவரை விநோதமாகப் பார்த்தாள். ஆனால் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும்படி நிதானம் கேட்டுக்கொண்டார்.

வைத்தியர் வீட்டுச் சமையலறை கண்ணாடிபோல் இருந்தது. வேர்களும் பட்டைகளும் இட்ட ஜாடிகள் ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. வைத்தியரின் மருமகள் வந்தவர்களுக்கு டீ போட்டாள். முப்பது வயதிருக்கும், நடப்பது தெரியாமல் நடப்பவள், மாமனார் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிடுபவள்.

மேடையின் ஓரத்தில் ஒரு தட்டில் வில்லைகள் இருந்தன.

“இஞ்சி மிட்டாய்” என்றார் வைத்தியர். “இருமலுக்கு எங்க வீட்டு மருந்து. ஆனா இந்தத் தடவை பாகு நிறமே மாறல. தேன் நிறத்துல வரணும். எவ்வளவு நேரம் அடுப்புல வச்சும் வெள்ளை வெளேர்னு நிக்குது. கடைக்காரன் மட்டமான சர்க்கரையைத் தலையில கட்டிட்டான்.”

ஸ்டூடியோக்காரர் இதற்குள் டீக்கரண்டியில் ஒட்டியிருந்த சர்க்கரையை நக்கிவிட்டார். சிறுவயதிலிருந்து அவரிடம் உள்ள கெட்ட பழக்கம் அது.

“அட, நாக்கு சில்லுன்னு ஆகுது! புதினா ஏதாவது போட்டீங்களாம்மா?”

மருமகளின் கையிலிருந்த டம்ளர் மேடையில் இடித்தது.

நிதானம் அந்த ஓசையைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “மாப்ள, டீச்சரையும் மாடிக்காரரையும் இங்க கூப்பிடு” என்றார்.

“யாரு குற்றவாளின்னு தெரிஞ்சுபோச்சா அத்தான்?”

“எதுன்னு தெரிஞ்சுபோச்சு. கூப்பிடு.”

சமையலறையில் ஐந்தாறு பேர் நின்றால் மூச்சு முட்டும். எல்லாரும் நின்றார்கள். வைத்தியர் மட்டும் முக்காலியில், கைத்தடிமேல் இரண்டு கையையும் ஊன்றி, மாடி வீட்டுக்காரரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நிதானம் இரண்டு கரண்டிகளை எடுத்தார். ஒன்றில் டீச்சர் கொடுத்த சர்க்கரை. இன்னொன்றில் வைத்தியர் வீட்டு டப்பாவிலிருந்து எடுத்தது. அடுப்பைப் பற்றவைத்து இரண்டையும் தீயின் மேல் பிடித்தார்.

டீச்சர் வீட்டுச் சர்க்கரை உருகிப் பழுத்தது, பொன்னிறமாகியது, கருகிய வாசனையோடு புகைந்தது. மற்றது உருகித் தண்ணீர்போல நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

“இது சர்க்கரை இல்லை” என்றார் நிதானம். “சர்க்கரை மாதிரியே இனிக்கிற ஒரு தூள். சைலிட்டால்னு பேரு. மரப்பட்டையில இருந்து எடுக்கலாம், அதனால ‘இயற்கை இனிப்பு’ன்னு போட்டு விப்பாங்க. நாக்குல பட்டா குளிரும். பாகு காய்ச்சினா நிறம் மாறாது. மனுஷன் சாப்பிட்டா ரத்தத்துல சர்க்கரை பெருசா ஏறாது, கெடுதலும் இல்ல. ஆனா நாயோட உடம்பு இதை நிஜச் சர்க்கரைன்னு நம்பி ஏமாந்துடும். ரத்தத்துல இருக்கிற சர்க்கரையையெல்லாம் காலி பண்ணிடும். ஒரு சின்னக் குட்டியைச் சாய்க்க ஒரு கரண்டியே அதிகம். பெரியவரோட பக்குவத்துல தப்பே இல்லை. டீச்சர் வச்ச நாளெல்லாம் குட்டி தேறிச்சு. ரொட்டியிலயும் ஒண்ணும் இல்லை.”

மாடி வீட்டுக்காரர் “அப்பாடா” என்று சுவரில் சாய்ந்தார்.

“அப்ப இந்த டப்பாவுல அதைக் கொட்டினது யாரு?” ஸ்டூடியோக்காரரால் பொறுக்க முடியவில்லை. “எதுக்காகக் கொட்டினாங்க? சொல்லுங்க அத்தான்!”

நிதானம் அடுப்பை அணைத்தார். அவர் பார்வை ஒரு கணம் வைத்தியரின் கட்டைவிரல் கட்டின் மேலும், முக்காலிக்குப் பக்கத்தில் எப்போதும் நிறைந்திருக்கும் தண்ணீர்ச் செம்பின் மேலும் போய்வந்தது. அப்போதுதான் ஸ்டூடியோக்காரருக்கும் உறைத்தது. வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

“அது இந்த வீட்டு விஷயம். குட்டிக்கு வைத்தியம் பார்க்க இந்தத் தூளோட பேரு போதும். டாக்டருக்குச் சொல்லிடலாம்” என்றார் நிதானம்.

“நான்தாங்க” என்றாள் மருமகள். தரையைப் பார்த்தே பேசினாள். “எனக்காக வாங்கினேன். உடம்பு இளைக்கணும்னு. மாமாகிட்ட சொல்லாம டப்பாவுல மாத்தி வச்சிட்டேன். நாய்க்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. தப்பு என்மேலதான் டீச்சர்.”

அவளுடைய மணிக்கட்டு பூசணிக் காம்பைவிட மெல்லியது. அவள் இளைக்க வேண்டும் என்பதை அந்த அறையில் யாரும் நம்பவில்லை. ஆனால் நம்பியதுபோல் இருந்துவிட எல்லாரும் தயாராக இருந்தார்கள். டீச்சர் கூட ஒன்றும் கேட்காமல் போனை எடுத்து டாக்டரை அழைத்தாள்.

போனில் டாக்டரம்மாவின் குரல் எல்லாருக்கும் கேட்டது. “சைலிட்டாலா? நிச்சயமா தெரியுமா? நிச்சயம்னா ஈரலுக்கும் சேர்த்து இப்பவே மருந்து ஆரம்பிக்கணும். சாதாரண வீட்டுல அது இருக்காதேம்மா. வேற ஏதோ பவுடரா இருக்கப்போகுது. அங்க எதுக்கு வாங்கினாங்க? வேற எதுவும் கலந்ததா?”

டீச்சர் மருமகளைப் பார்த்தாள். மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“போனை இங்க கொடு” என்றார் வைத்தியர்.

அவர் எழுந்து நின்றார். மாடிப்படி வரை கேட்கும் குரல் அவருடையது. அதை அவர் இப்போதும் தணிக்கவில்லை.

“டாக்டர், நான் வைத்தியர் பேசுறேன். தூள் அதேதான், கலப்பு இல்லை. எனக்குச் சர்க்கரை வியாதி. கால் புண் ஆறலேன்னு என் மருமக கட்டாயப்படுத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தா, தெரிஞ்சுது. அந்த வார்த்தையையே இந்த வீட்டுல யாரும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டேன். இனிப்பையும் விடல. என்கிட்ட வாய் திறந்து சொல்ல முடியாம, டப்பாவை மாத்தி என்னைக் காப்பாத்தப் பார்த்திருக்கா. அதைக் குட்டிக்குப் போட்டது என் கை. அவளுக்கு உடம்பு இளைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.”

“சரிங்க, இது போதும்” என்றார் டாக்டரம்மா. “குட்டி கண் முழிச்சுப் பார்க்குது. இன்னைக்குப் பொழுது தாண்டினா நம்பிக்கைதான்.”

டீச்சர் போனை வாங்கிக்கொண்டாள். “பெரியவரே, நான் தெருவுல பேசினது…”

“பேசினதை நீயே போய் மாத்திப் பேசு. விஷம்னு சொன்னியே, அந்தச் சொல்லை மட்டும் எடுத்துடு. மத்ததை மறைக்க வேண்டாம்.”

மாடி வீட்டுக்காரர் ஆறுதல் சொல்ல நினைத்தார். “இதுல என்னங்க இருக்கு, எங்க அப்பாவுக்கும் சர்க்கரை, எங்க சித்தப்பாவுக்கும் சர்க்கரை…”

“உங்க வீட்டுக் கதை வேற” என்று வைத்தியர் வெட்டினார். பிறகு, அவரைக் கொஞ்சம் நேராகப் பார்த்து, “உன்மேல வீண்பழி போட்டுட்டேன். போய்த் தூங்கு” என்றார்.

மருமகள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வைத்தியர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். கைத்தடியை எடுத்தார். “கிளம்பும்மா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“குட்டியைப் பார்க்கவா மாமா?”

“முதல்ல குட்டி” என்றார் வைத்தியர், நடந்தபடியே. “அப்புறம் நான்.”