பேனருக்குப் பின்னால் இருந்த நாலாவது தகடு

புதுவயல் சுகாதார நிலையத்தின் மொட்டை மாடியில் நான்கு சோலார் தகடுகள் இருந்தன. அவற்றைத் துடைக்க ஆளே வேண்டாம் என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். மேலே ஒரு பூச்சு பூசியிருந்தது. அதில் தண்ணீர் ஒட்டாது. துளித்துளியாக உருண்டு ஓடும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

இதைச் சொல்ல விழாக் குழுத் தலைவர் மலையாண்டி நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். அதில் முப்பத்தைந்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேசினார்.

பிறகு மாடியில் ஒரு பலகை மாட்டினார். 'தொடாதீர். தானே சுத்தமாகும். இப்படிக்கு, மலையாண்டி.' எச்சரிக்கையைவிட அவர் பெயர் பெரிதாக இருந்தது.

ஆறு மாதம் போனது. அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல் பறந்து வந்து தகடுகளில் படிந்தது. பலகைக்குப் பயந்து யாரும் தொடவில்லை.

ஆறாம் வகுப்பு படிக்கும் தஸ்லிமாவுக்குத் தகடுகளைப் பற்றி ஒரு கவலை இருந்தது. அவள் தம்பி இனாமுலுக்கு ஐந்து வயது. ஆலைத் தூசி பட்டால் இளைப்பு வந்துவிடும். சுகாதார நிலையத்து மெஷின் மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சுக்குள் அனுப்பும். போன மாதம் மின்தடை நாளில், தகடுகள் நிரப்பும் பேட்டரி தீர்ந்து அந்த மெஷின் பாதியிலேயே நின்றுபோனது. அம்மா பர்வீன் பானு அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் காரைக்குடிக்கு ஓடினாள். வழி முழுக்கத் தஸ்லிமா தம்பியின் விலா ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே போனாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் மின்தடை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறல் விட்டதும் அவள் நர்ஸ் சித்ராவைத் தேடிப் போனாள்.

"பேட்டரி பாதிகூட நிறையலம்மா," என்றாள் சித்ரா. "தகடெல்லாம் சாம்பல் அப்பிக் கெடக்கு."

"மழ பெஞ்சா தானா போயிரும்னாகளே அக்கா? இப்பத்தான தூறுச்சு. வாங்க, பாப்போம்."

இருவரும் மாடிக்கு ஏறினார்கள். மூன்று தகடுகளில் சாம்பல் சேறுபோல ஒட்டிக் கிடந்தது. நாலாவதில் மட்டும் துளிகள் முத்து முத்தாக உருண்டுகொண்டிருந்தன.

தஸ்லிமா முதல் தகட்டை விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது. மோந்து பார்த்தாள்.

"அக்கா! தேங்காய் எண்ணெய்! தகட்டுக்கு யாரு தல சீவி விட்டது?"

சித்ரா நெற்றியில் கை வைத்தாள்.

"விழா அன்னைக்குத் தகடு மங்கலா இருக்குன்னாக தலைவர். 'கல்யாணத்துக்கு நிலைக்கதவுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறதில்லையா? போட்டோவுல பளபளன்னு இருக்க வேணாமா?'ன்னு அவுகளே துடைக்கச் சொன்னாக."

"அப்ப நாலாவது?"

"அது அவுக படம் போட்ட பேனருக்குப் பின்னாடி இருந்துச்சு. போட்டோவுல தெரியாதுன்னு விட்டுட்டாக."

சித்ரா கீழே போய், தகடு வந்த பெட்டியோடு கிடந்த தாளைத் தேடி எடுத்து வந்தாள். யாரும் பிரிக்காத தாள். 'எண்ணெய் படக்கூடாது. பட்டால் சோப்பு கரைத்த நீரில் மெல்லிய துணியால் கழுவவும்.'

"கழுவிரலாம். ஆனா அவுககிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன்," என்றாள் தஸ்லிமா.

அவள் போய்க் கூப்பிட்டதும் மலையாண்டி வெள்ளை வேட்டியும் சரிகைத் துண்டுமாக மாடிக்கு வந்தார். விழா என்று நினைத்துவிட்டார்.

"ஐயா, இந்தச் செம்புத் தண்ணிய ஊத்திப் பாருங்க."

முதல் தகட்டில் ஊற்றினார். சேறு பரவியது. நாலாவதில் ஊற்றினார். தண்ணீர் உருண்டு ஓடியே போனது.

"இது மட்டும் எப்படி ஆத்தா சுத்தமா இருக்கு?"

"இது ஒங்க பேனருக்குப் பின்னால இருந்துச்சுங்கய்யா. எண்ணெய் படல."

மலையாண்டி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். தொண்டையைச் செருமினார்.

"பூச்சு சரியில்லன்னு கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடுவோம்."

"செவ்வாக்கிழம கரண்டு இல்லங்கய்யா," என்றாள் தஸ்லிமா. "தம்பிக்கு இளைப்பு வந்தா லெட்டரை மூக்குல வச்சுவிட முடியாது."

மலையாண்டி சரிகைத் துண்டை எடுத்துப் பலகையின் மேல் போட்டார். அவர் பெயர் மறைந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

"வாளி எங்க இருக்கு?"

மூவருமாகக் கழுவினார்கள். மூன்றாவது தகடு முடியும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா சித்ரா, போட்டோ எதுவும்..."

"கையெல்லாம் நுரைங்கய்யா."

மூன்று தகடுகளிலும் துளிகள் பழையபடி துள்ளி ஓடவில்லை. கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் உருண்டன. ஆனால் கண்ணாடி தெளிந்துவிட்டது. மதியம் வெயிலும் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குக் கரண்டு போனது. பத்து மணிக்கு இனாமுலுக்கு இளைப்பு வந்தது. சித்ரா மெஷினைப் போட்டாள். அது 'கொர்ர்' என்றது. அம்மா அவன் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

வாசலில் மலையாண்டி நின்றார். தோளில் சரிகைத் துண்டு இல்லை.

"ஓடுதா?"

"ஓடுதுங்கய்யா," என்றாள் தஸ்லிமா.

அவள் தம்பியின் விலாவைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். மருந்து தீரும்வரை மெஷின் நிற்கவே இல்லை. எத்தனை வரை எண்ணினாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பாதியிலேயே எண்ண மறந்துவிட்டாள்.