குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை

"டோன் எவரிஸ்தோ, ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம். நிறுத்தணுமா வேண்டாமான்னு இன்னிக்கே சொல்லிடுங்க!"

தலையில் சுற்றிய ஈரத் துண்டோடு ரேடியோ ரிப்பேர் கடைக்குள் புயலாக நுழைந்தாள் அம்பாரோ. இஸ்தபலாபா பேட்டையில் புரியாதது எது நடந்தாலும் ஜனங்கள், மரியாதையாக 'டோன்' என்று அழைக்கும் எவரிஸ்தோவிடம்தான் வருவார்கள். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். பக்கத்து ஜூஸ் கடை சோய்லா, ஆரஞ்சைப் பிழிந்த கையோடு கூப்பிடாமலே வந்து நின்றாள். வழக்கு என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அம்பாரோ மொட்டை மாடி அறையில், ஊராருக்கு இணையத்தில் விண்ணப்பம் நிரப்பித் தருபவள். கீழே முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பெனிக்னோதான் மாப்பிள்ளை. ஆசையாகத் தன் வைஃபை பாஸ்வேர்டையும் அவனுக்குக் கொடுத்திருந்தாள்.

"செவ்வாய், வெள்ளி வந்தா என் ரூம்ல நெட் செத்துடுது. அதே ரெண்டு நாள்தான் அவன் குளிச்சு, தலையில ஈரம் சொட்டச் சொட்ட, பல்லைக் காட்டிக்கிட்டு வர்றான். எவளோடயோ மணிக்கணக்கா வீடியோவுல பேசறான்! நெட்டு மொத்தத்தையும் அவனே உறிஞ்சிடறான்!"

"பாவி!" என்றாள் சோய்லா. அவள் தீர்ப்பு எப்போதும் விசாரணைக்கு முன்பே வந்துவிடும்.

"பாஸ்வேர்டை மாத்திப் பாத்தியா?" என்று கேட்டார் எவரிஸ்தோ.

"நேத்தே மாத்திட்டேன். இன்னிக்கும் செத்துப்போச்சு. புதுசையும் திருடிட்டான்!"

"அந்த வைஃபை பெட்டி எங்க இருக்கு?"

"மாடிப்படி உச்சியில. அதுகிட்ட நின்னா நல்லாத்தான் வருது. எதிர்ப்பக்கம் என் ரூமுக்குத்தான் வரமாட்டேங்குது. சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமா உயிர் வரும், மறுநாள் சரியாயிடும்."

எவரிஸ்தோ எழுந்தார். "சோய்லா, நாம சந்தேகப்படற எல்லாரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிடு."

"ஒருத்தன்தானே இருக்கான்?"

"அப்போ அவனைக் கூப்பிடு."

பெனிக்னோ சீப்போடு வந்தான். பாதிக் கன்னம் மழித்த வாடிக்கையாளர் ஒருவரும் நுரையோடு பின்னாலேயே வந்தார். மாடியெங்கும் துவைத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஆளுயரக் கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி நின்றது.

"இவன் தலை ஈரத்தைப் பாத்தீங்களா?" என்றாள் அம்பாரோ.

"பாத்தேன். நீ எவனோட பேசறதுக்குக் குளிச்சேம்மா?"

அம்பாரோவின் கை தலைத் துண்டுக்குப் போனது. "நானா? இன்னிக்குத்தானே குழாயில தண்ணி…" என்றவள் பாதியில் நின்றாள்.

"செவ்வாயும் வெள்ளியும்தான் குழாயில தண்ணி வருது, தெருவே குளிக்குது. தொட்டியும் நிறையுது." எவரிஸ்தோ தொட்டியைத் தட்டினார், தொம்மென்றது. "பெட்டி அந்தப் பக்கம், உன் ரூம் இந்தப் பக்கம். காலித் தொட்டின்னா வைஃபை அலை பிளாஸ்டிக்கைத் தாண்டி வந்துடும். தண்ணி இருந்தா அதை விழுங்கிடும். தண்ணி செலவாகச் செலவாக நெட் திரும்பி வருது. பாஸ்வேர்டை மாத்தியும் நெட் நின்னுதே, அப்பவே இது திருட்டு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

அவர் பெட்டியைத் தொட்டி மறைக்காத சுவரோரத்தில், உயரமான ஆணியில் மாட்டினார். அம்பாரோ அறைக்குள் ஓடினாள். "வருது! முழுசா வருது!"

"நான் அப்பவே சொன்னேன், பெனிக்னோ தங்கமான பையன்னு" என்றாள் சோய்லா.

பெனிக்னோ சிரிக்கவில்லை. அவன் முகம் வாடியிருந்தது. போனை நீட்டி, "புது பாஸ்வேர்டு என்ன?" என்று மட்டும் கேட்டான்.

அம்பாரோ தரையைப் பார்த்தாள். "பெனிக்னோ துரோகி. இடைவெளி விடாம சேத்து எழுதணும்."

நுரைக் கன்னத்துக்காரர் தன் போனிலும் அதை அடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடு பெனிக்னோ. இப்பவே மாத்திடறேன்" என்றாள்.

"மாத்தாதே. கடைக்கு வர்றவங்க கேட்டா, ஒவ்வொருத்தருக்கும் நீயே வந்து சொல்லு."

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை குழாயில தண்ணி வராது" என்றான் பெனிக்னோ. "ரெண்டு வாளி பிடிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு உனக்கு."