மாமா கலர்

மழை... பிய்த்துக்கொண்டு கொட்டியது. குடையை மடக்கியபடி ஸ்டேஷனரி கடைக்குள் ஓடியவள், முன்னால் நின்றவன் காலை மிதித்தே விட்டாள்.

"ஐயோ... சாரிங்க!"

"பரவால்லைங்க, இன்னொரு கால் இருக்கு."

நெடுநெடுவென்று உயரம். நல்ல கறுப்பு. நனைந்த இமைகளுக்குள் சிரிக்கிற கண்கள்... எதற்கு வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது.

அவன் கடைக்காரரிடம் திரும்பினான். "அண்ணே, ஸ்கின் கலர் க்ரேயான் மட்டும் தனியா கிடைக்குமா?"

அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர், வாய் சும்மா இருக்குமா? "யாரு ஸ்கின்னுங்க? உங்களுதா, என்னுதா?"

அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "நானா பேரு வெச்சேன்? அக்கா பொண்ணுக்குங்க. அவங்கவங்க முகத்தை வரைஞ்சு ஸ்கின் கலர் அடிங்கன்னு டீச்சர் சொன்னாங்களாம். படத்துக்கு அடிச்சிட்டு, கையிலயும் தேய்ச்சிருக்கா. க்ரேயான் தீர்ந்துடுச்சு... கை மாறலை."

அவளுக்குச் சுருக்கென்றது. எல்லாரும் சமம் என்று பாடம் நடத்திய அதே வகுப்பில், பழக்க தோஷத்தில் வந்து விழுந்த வார்த்தை.

"அந்த டீச்சர்... நான்தாங்க."

மறுநாள் கடையிலிருந்த அத்தனை பழுப்பு க்ரேயானும் வகுப்புக்கு வந்தது. பிள்ளைகள் கையை வைத்துப் பார்த்துத் தாங்களே பெயர் வைத்தார்கள். டீ கலர், பிஸ்கட் கலர், செருப்பு கலர்... அந்தச் சின்னவள் மட்டும் எழுந்து நின்று கத்தினாள்: "மாமா கலர்!"

சாயங்காலம் பள்ளி கேட்டில் அதைச் சொன்னபோது, மாமா சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு தினமும் அவனே அழைத்துப்போக வந்தான். "லிஃப்ட் மெக்கானிக்குங்க. ஏழை பணக்காரன் பார்க்காம ஏத்தி இறக்கறதுதான் நம்ம தொழில். உங்க மனசுல எத்தனையாவது மாடிக்கு வந்திருக்கேன்?"

"இன்னும் பட்டனே அமுக்கலையே!"

பொய். அவன் எப்போதோ மொட்டை மாடிக்கே போய்விட்டான்.

அக்காவோடும் சின்னவளோடும் ஒருநாள் பெண் கேட்டு வந்தான். டீச்சரின் அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பையன் தங்கம்தான்... ஆனா நாளைக்குப் பொறக்கறதும் இந்தக் கலர்ல பொறந்தா, யாரு பதில் சொல்றது?"

மாமன் மடியிலிருந்த சின்னவள் நிமிர்ந்தாள். டீச்சரின் அம்மாவைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சர் தரையைப் பார்த்தாள்.

அதோடு சரி. பள்ளிக்கு அக்காதான் வந்தாள். அடுத்த ஓவிய வகுப்பில் சின்னவள் படத்தின் முகம் வெறும் வெள்ளையாக இருந்தது.

"கலர் அடிக்கலையா கண்ணு?"

"வேணாம் டீச்சர்."

பாவி, இந்தக் குழந்தைக்கு எந்த முகத்தோடு இனி பாடம் நடத்துவேன்?

அன்றே அவன் வேலை பார்க்கும் கட்டடத்துக்குப் போனாள். கிரீஸ் கையோடு வந்து நின்றான். கண்களில் அந்தச் சிரிப்பு இல்லை.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... உசுருக்கு உசுரா. இப்பவே வீட்டுக்கு வாங்க. உங்க முன்னாடியே அம்மாகிட்ட பேசறேன்."

"எனக்கும்தாங்க, அந்த மழையிலேயே." கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "உங்கம்மா சொன்னது பழகின வார்த்தைதான், வலிக்கலை. ஆனா அந்தக் குட்டி உங்களைத்தானே பார்த்தா? என் முன்னாடி பேச வேணாம்... நான் இல்லாதப்போ பேசுங்க."

லிஃப்ட் கதவு மூடியது.

நனைந்துகொண்டே வீடு வந்தாள். அம்மா சொந்தக்காரியோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "எண்ணெய்ச்சட்டி மாதிரி இருந்தான்டி... நல்லவேளை, போய்த் தொலைஞ்சான்!"

அவள் போனை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சிரிக்காதேம்மா. அந்தக் கலர்லதான் எனக்குப் பிள்ளை வேணும். யாராவது கேட்டா, நான் பதில் சொல்லிக்கறேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மகளும் அழுதாள்... ஆனால் இந்த முறை தலை குனியவில்லை. அதைப் பார்க்க அவனும் இல்லை, அந்தச் சின்னவளும் இல்லை.