கதவுக்குத் தெரிந்த முகம்

காலை பத்து மணிக்கு, அலுவலக மேசையில் உட்கார்ந்திருந்த ஷென் யிலானின் கைபேசிக்கு அவள் வீட்டுக் கதவு செய்தி அனுப்பியது: ‘யிலான் வீட்டுக்குள் வந்துவிட்டார்.’

ஹாங்சோவில் முகம் பார்த்துத் திறக்கும் கதவு அதிசயமில்லை. முகங்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பதுதான் யிலானின் பிழைப்பே. அந்தக் கதவில் அவள் முகமும் கணவன் வெய்ஹாவின் முகமும் மட்டுமே பதிவாகியிருந்தன. ஏழு மாதக் குழந்தை நியன்நியனைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் சாவி இருந்தது. அவள் முகத்தைக் குழந்தை பதிந்து வைத்திருப்பதே போதும், கதவு வேறு பதிய வேண்டாம் என்று யிலான் விட்டுவிட்டாள்.

அந்த எரிச்சல் பழையது. மாலையில் வந்து கை நீட்டினால் நியன்நியன் அவளையே உற்றுப் பார்ப்பாள். பிறகு உதட்டைப் பிதுக்கி, இஞ்சியும் பாலும் மணக்கும் ஆயாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். தூங்கிய பின் முகர்ந்து பார்த்தால் குழந்தையின் உச்சந்தலையிலும் அதே இஞ்சி வாசம்.

“தெனம் பாக்குற மொகந்தான் கொழந்தைக்கு அம்மா மொகம். கொஞ்சம் சீக்கிரம் வாங்களேன், பாப்பா அம்மா,” என்று ஒருநாள் ஆயா சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட யிலானுக்குத் தாங்கியிருக்கும்.

கதவு எடுத்த படத்தை அலுவலகக் கணினியில் போட்டுப் பார்த்தாள். காய்கறிப் பையோடு நிமிர்ந்து பார்ப்பது ஆயாதான். ஐம்பது வயது, சப்பை மூக்கு, தாடையில் மச்சம். யிலானின் முகத்தோடு நூற்றுக்கு அறுபத்திரண்டு ஒத்துப்போகிறது என்றது கணினி. வெய்ஹாவிடம் சொன்னதற்குச் சிரித்தான். “நீ வீட்ல இருந்தாத்தானே கதவுக்கு ஒன்ன அடையாளம் தெரியும்,” என்றான்.

அடுத்த வாரம் எழுபத்தொன்பது. அதற்கடுத்த வாரம் தொண்ணூற்றொன்று. கதவு எடுக்கும் தன் அன்றாடப் படத்தையும் தன் பழைய படத்தோடு வாராவாரம் ஒப்பிட்டாள். எண்பது. அறுபது. நாற்பது.

கணினிக்குப் பைத்தியம் என்றே வைத்துக்கொண்டாள், அந்த வியாழக்கிழமை வரை. குளியலறையில் ஆவி மண்டியிருக்க, தண்ணீர் சளக்சளக்கென்று ஒலிக்க, குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஆயா திரும்பினாள். கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதுபோல் யிலான் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். கை பாதியில் நின்றது. ஆவி விலகியது. ஆயாதான்.

மறுநாள் மதியமே வீட்டுக்குக் கிளம்பினாள். இன்றோடு அவளை நிறுத்திவிட வேண்டும். ஆயாவைத் தேடி அழுதழுது குழந்தைக்குத் தொண்டை கட்டட்டும், பரவாயில்லை. அப்புறம் அது அம்மா முகத்தைத்தானே பார்த்தாக வேண்டும்.

கதவின் முன் நின்றாள். திறக்கவில்லை. இன்னும் நெருங்கினாள். திறக்கவில்லை. உள்ளே குழந்தை கெக்கலிக்கும் சத்தம். மணியை அழுத்தினாள்.

விடுப்பில் வீட்டிலிருந்த வெய்ஹாவ் வெளியே வந்தான். “யாரைப் பாக்கணும்?”

“நான்தான்.” குரல் அவள் குரலாகத்தான் வந்தது.

அவன் பார்வை அவள் முகத்தில் நிற்க இடம் தேடிச் சறுக்கியது. ஓரடி பின்வாங்கினான். “யிலான், இங்க கொஞ்சம் வாயேன்,” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

வந்தாள். இடுப்பில் குழந்தை. இஞ்சி வாசம். தாடையில் மச்சம் இல்லை.

குழந்தை திரும்பிப் பார்த்தது. அழும் என்று யிலான் நினைத்தாள். அழவில்லை. வெறும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் மூக்கைப் பிடித்து விளையாடத் தொடங்கியது.

வாசலோரச் சிறு திரையில் நால்வரும் தெரிந்தார்கள். தெரிந்தவரோ தெரியாதவரோ, எந்த முகமானாலும் அதைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் விழும். வெய்ஹாவுக்கு ஒன்று. குழந்தைக்கு ஒன்று. அந்தப் பெண்ணுக்கு ஒன்று. நான்காவது கட்டம் யிலானின் நீலக் கோட்டுக் காலருக்கு மேலே அலைந்தது. இடம். வலம். கீழே. மறுபடி மேலே.

எங்கும் நிற்கவில்லை.